மணமாகாதோர் அணியில் நான்கு பேர்

எங்கள் ஊர்ச் சங்கத்தின் கோடைகால ஒன்றுகூடலுக்குக் கயிறிழுத்தல்தான் உயிர். மற்றதெல்லாம் சாப்பாடு. மணமானவர்கள் ஒரு பக்கம், மணமாகாதவர்கள் மறுபக்கம். ஆள்தொகை சமமாக இருக்கவேண்டும் என்றெல்லாம் விதி கிடையாது. கைகால் உள்ள எவரும் தன் பக்கத்துக் கயிற்றைப் பிடிக்கலாம். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் நாங்கள் கூடத் தொடங்கிய காலத்திலிருந்து ஒவ்வொரு வருடமும் மணமாகாதவர்களே வென்றார்கள். நாங்கள் தோற்று, புல்லில் விழுந்து, முழங்காலில் பச்சை பூசிக்கொண்டு எழும்பி, "உவங்களுக்கென்ன, பொறுப்பில்லாத பெடியள், இழுப்பாங்கள்" என்று சொல்லிக்கொண்டு வத்தகப்பழம் சாப்பிடப் போவோம். அந்தத் தோல்வியில் எங்களுக்கு ஒரு பெருமை இருந்தது. எங்களைத் தோற்கடித்தவர்கள் நாங்கள் பெற்ற பிள்ளைகள்.

பிறகு அந்தப் பக்கம் மெலியத் தொடங்கியது. முதலில் யாரோ ஒருவருடைய மகன் நாலு மணி நேர விமானத் தூரத்தில் உள்ள கல்கரிக்கு வேலைக்குப் போனான். சரி, பெடியன் உலகம் பார்க்கட்டும் என்றோம். அடுத்த வருடம் அவனுடைய சிநேகிதர்கள் போனார்கள். பிறகு எட்மன்டன், பிறகு பெயர் வாயில் நுழையாத, எண்ணெய் எடுக்கிற ஏதோ ஓர் ஊர். ரொறன்ரோவில் வீடு வாங்க ஒரு பிறவி போதாது என்று கண்டுபிடித்த பிள்ளைகள் எல்லாரும் மேற்கே போனார்கள். ஸ்காபரோவில் நாங்கள் இருக்கிற மல்வேர்னில் எங்கள் வீட்டு வரிசையில் முன்பு வீட்டுக்கு வீடு வாசலில் கூடைப்பந்து வளையம் இருக்கும். வளையங்கள் இப்போதும் நிற்கின்றன, வலைகள் இற்றுப்போய்விட்டன. பனிக்காலத்தில் வாசலில் பனி வழிக்க ஆளில்லை. வயதுபோன அங்கிள்மார் பனி தள்ளும் இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு போவதைப் பார்த்தால், இயந்திரம்தான் அவர்களைக் கைப்பிடித்து நடத்திக்கொண்டு போவதாகத் தோன்றும்.

பிறந்த ஊரைக் காலி செய்தவர்கள் நாங்கள்தான், அதை நான் மறக்கவில்லை. அங்கே பள்ளிக்கூடத்துக்கு இப்போது மாடிக் கட்டடம் இருக்கிறது, படிக்கப் பிள்ளைகள் இல்லை. கட்டடம் எங்கள் சங்கம் கட்டிக் கொடுத்தது. பிள்ளைகளைப் பெறவேண்டியவர்கள் எல்லாரும் இங்கே வந்து பெற்றுவிட்டோம். ஆனாலும் ஸ்காபரோவுக்கும் இந்த நிலை வரும் என்று ஒருவரும் நினைக்கவில்லை. ஒரு இடம் காலியாவதற்குப் போர் வேண்டும் என்றுதான் நினைத்திருந்தோம்.

எனக்கு ஒரே மகன். இருபத்தெட்டு வயது. வீடுகளின் ஏசி, வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் திருத்துகிற வேலை. போன வருடம் யூலை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, உப்புக் காணாது என்று சொல்வதுபோலச் சொன்னான்.

"அம்மா, கல்கரியில வேலை கிடைச்சிருக்கு. அடுத்த மாசம் போறன்."

"இஞ்சயும் வேலை இருக்குத்தானே உனக்கு."

"வேலை இருக்கு. வீடு இல்லை."

"அப்ப இது என்ன, மாட்டுக் கொட்டிலோ?"

"இது உங்கட வீடு அம்மா. எனக்கெண்டு ஒண்டு வேணாமே? நீங்களும் என்ர வயசிலதானே வெளிக்கிட்டு வந்தனீங்கள்."

"நாங்கள் சண்டையில செல்லடிக்குத் தப்பி ஓடி வந்தனாங்கள். உனக்கு இஞ்ச ஆர் செல்லடிக்கிறது?"

"வாடகை அடிக்குது" என்றான்.

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவர். நாள் முழுவதும் பிள்ளைகளின் இரைச்சலைக் கேட்பதாலோ என்னவோ, வீட்டில் வாய் திறப்பது சாப்பாட்டுக்கு மட்டும்தான். "போகட்டுமன்" என்றார். இந்த மனுசனிடம் எல்லாவற்றுக்கும் ஒரு "போகட்டுமன்" இருக்கிறது. எங்கள் கார் களவு போனபோதும் இதையேதான் சொன்னார்.

நான் அழுது பிடிக்கிற ஆளில்லை. காரியத்தில் இறங்குகிற ஆள். அடுத்த நாளே பேஸ்மென்ற்றைத் துப்புரவாக்கத் தொடங்கினேன். இரண்டு பழைய ஃப்ரீசர், சங்கத்தின் பிளாஸ்ரிக் கதிரைகள், யாருடையது என்றே தெரியாத ஒரு கட்டில், எல்லாவற்றையும் அப்புறப்படுத்தி, சுவருக்குப் பெயின்ற் அடித்து, சின்ன அடுப்பு ஒன்றும் வைத்து, தனி வாசலுக்கு ஆள் பேசி, கைமுட்டு வீங்கி, ஒரு கிழமை பாடுபட்டு, மகனைக் கீழே கூப்பிட்டேன். அவன் படியால் இறங்கி வந்து கழுத்தைச் சரித்துக்கொண்டு நின்றான். நான் கொடுத்த பாலும் முட்டையும் அவனை நல்ல உயரமாக வளர்த்திருந்தன.

"அம்மா, இதில நான் நிமிர்ந்து நிக்கேலாது."

"படுக்கிறதுக்கு என்னத்துக்கு நிமிர வேணும்?"

சிரித்தான். என் தோளில் கையைப் போட்டு, பெயின்ற் நல்ல வடிவாக இருக்கிறது என்றான். அத்தோடு பேஸ்மென்ற் கதை முடிந்தது.

அடுத்தது கலியாணம். கட்டிவைத்தால் கால் நிற்கும் என்பது எங்கள் ஆட்களின் பழைய வைத்தியம். பக்கத்து நகரமான ஸ்ரௌவ்வில்லில் எங்கள் ஊர்க்காரர் ஒருவருக்கு ஒரு மகள் இருந்தாள். பார்மசிக்குப் படித்தவள், சாதகக் குறிப்பும் பொருந்தும் என்று காற்றுவாக்கில் கேள்விப்பட்டிருந்தேன். தாய்க்கு ரெலிபோன் எடுத்து, காலநிலை, முழங்கால் வலி, வெங்காய விலை எல்லாம் கதைத்து மெல்ல மெல்லப் பிள்ளையிடம் வந்தேன். "அதையேன் கேக்கிறியள்" என்றார் தாய். "அவள் போன மாசம் எட்மன்டனுக்குப் போட்டாள்." நாங்கள் இருவரும் திரும்பவும் வெங்காய விலைக்குப் போனோம்.

மிஞ்சியது சங்கத் தலைவர். எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். மனைவி காலமாகிவிட்டார், வேலையில் இருந்தும் ஓய்வு. சங்கத்துக்குத் தேர்தல் என்று ஒன்று உண்டு என்பதையே எங்கள் ஆட்கள் மறந்துபோகும் அளவுக்கு அவர் தலைவராக இருந்து வந்தார். நான் அவரை அண்ணை என்று கூப்பிடுவேன். உளுந்து வடை சுட்டு எடுத்துக்கொண்டு போய் நடந்ததைச் சொன்னேன். அவர் ஒரு வடையை முழுதாகச் சாப்பிட்டு முடித்தார்.

"பிள்ளை, நீ வீட்டையும் பொம்பிளையையும் காட்டிப் பிடிக்கப் பாத்திருக்கிறாய். உதெல்லாம் சரிவராது. எங்கட ஆக்களைப் பிடிச்சு வைக்கிறதெண்டால் ஒரு வழிதான் இருக்கு."

"என்ன வழி அண்ணை?"

"பதவி."

அவர் சொன்னதில் பிழையில்லை. எங்கள் சங்கத்தில் ஒருவர் ஒட்டாவாவுக்குக் குடிபோக வீடெல்லாம் பார்த்து வைத்திருந்தார். அவசரமாகக் கூட்டம் கூடி அவரைக் கௌரவப் போசகர் ஆக்கினோம். வீட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டு இன்றைக்கும் இங்கேயே அஜின்கோர்ட்டில் இருக்கிறார். போசகர் என்றால் என்ன வேலை என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. எங்கள் சங்கத்தில் போசகர்மார் ஒரு வரிசை நிறைய இருக்கிறார்கள். கதிரை தூக்கத்தான் ஆளில்லை.

"அப்ப இவனுக்கு என்ன பதவி குடுக்கப்போறியள்?" என்று கேட்டேன். "இளைஞரணிப் பொறுப்பாளரோ?"

"இளைஞரே இல்லாத இடத்தில அணி என்னத்துக்கு? சின்னப் பதவி குடுத்தால் நிக்கமாட்டான் பிள்ளை." விரலில் ஒட்டிய எண்ணெயைத் துடைத்தார். "தலைவர் பதவிதான். நான் விட்டுக் குடுக்கிறன்."

தானாகப் பதவி விலகிய தலைவரை நான் ஊரிலும் கண்டதில்லை, ரொறன்ரோவிலும் கண்டதில்லை. உண்மையாகவோ அண்ணை என்று இரண்டுதரம் கேட்டேன். "போன பனிக்கு நான் வாசல்ல விழுந்து கிடக்க, தூக்கிவிட்டவன் உன்ர மகன்தான்" என்றார். "அவனும் போனால் இந்த வரிசையில ஆர் இருக்கினம்?" நான் மற்ற வடையையும் எடுத்துக் கையில் கொடுத்தேன். மகனுக்கு இதைப் பற்றி மூச்சு விடுவதில்லை என்று பேசிக்கொண்டோம்.

ஒன்றுகூடல் ஓகஸ்ட் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை அவன் போவதாக இருந்தான். பூங்காவில் வழக்கம்போல எல்லாம் நடந்தது. ஒரு பக்கம் சோளம் வாட்டினார்கள், ஒரு பக்கம் மரவள்ளிக்கிழங்கும் கட்டைச்சம்பலும். அன்ரிமார் சங்கீதக் கதிரையில் ஒருவரை ஒருவர் இடித்துத் தள்ளினார்கள். கரண்டியில் தேசிக்காயை ஏந்தி ஓடும் ஓட்டத்துக்குச் சின்னப் பிள்ளைகள் காணாது என்று அறிவித்து, அறுபது தாண்டியவர்களையும் சேர்த்து ஓடவிட்டார்கள். வென்றவர் தேசிக்காயைக் கட்டைவிரலால் அமத்திப் பிடித்திருந்தார் என்று ஒரு பெரிய சண்டை வந்து தீர்ந்தது. மகன் காரிலிருந்து கதிரைகள், தண்ணீர்ப் போத்தல்கள், கூடாரக் கம்பிகள் எல்லாவற்றையும் ஒருவனாகவே இறக்கினான். அதைப் பார்த்துக்கொண்டிருந்த அங்கிள்மார் அவனுக்கு எப்படித் தூக்கவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு மேப்பிள் மரத்தடியில் பொதுக்கூட்டம். தலைவர் மைக்கை எடுத்து, தான் பதவி விலகுவதாகச் சொன்னார். முன்வரிசையில் இருந்த போசகர் ஒருவர் எழும்பி, "என்ன வருத்தமாம் அண்ணை, ஸ்கான் எடுத்தவையோ?" என்று கவலையோடு கேட்டார். ஒரு வருத்தமும் இல்லை, இளைய தலைமுறையிடம் கொடுக்கப்போகிறேன் என்று சொல்லி, தலைவர் என் மகனை முன்மொழிந்தார். நான் வழிமொழிந்தேன். பெற்ற தாய் வழிமொழியலாமா என்று ஒருவர் கேட்டார். ஒருவரும் அவரைக் கணக்கெடுக்கவில்லை. மகன் சோளமும் கையுமாக எழும்பி என்னைப் பார்த்தான். நான் வத்தகப்பழம் வெட்டுவதில் மும்முரமாக இருந்தேன்.

மாட்டேன் என்று சொல்வான் என்றுதான் பயந்தேன். அவன் சோளத்தைத் தகப்பனிடம் கொடுத்துவிட்டு முன்னால் போனான். மைக்கை வாங்கினான். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. பிடித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

இந்த இடத்தில் எங்கள் ஆட்களின் ஒரு பலவீனத்தைச் சொல்லவேண்டும். இங்கே பிறந்த பிள்ளை ஒன்று மைக்கில் "வணக்கம்" என்று சொன்னால் எங்களுக்குக் கண் கலங்கும். "அனைவருக்கும்" என்று முன்னால் சேர்த்துச் சொன்னால் எழும்பி நிற்போம். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை என்ன சொல்கிறது என்பது எங்கள் காதில் ஏறாது. தமிழில் சொல்கிறது, அது போதும்.

"அனைவருக்கும் வணக்கம்" என்றான் மகன். கைதட்டல். "என்ர தமிழ் கொஞ்சம் பிழையா வரும், ஸொறி." இன்னும் பெரிய கைதட்டல். "என்னைத் தலைவராப் போட்டதுக்கு நன்றி. நான் செய்யிறன். ஆனா செவ்வாய்க்கிழமை நான் கல்கரி போறன், அங்க இருந்துதான் செய்வன்." கைதட்டல். "எங்கட ஊர்ப் பிள்ளையள் கனபேர் இப்ப அங்கதான் இருக்கினம். ஸோ, அடுத்த வருசம் ஒன்றுகூடலை நாங்கள் கல்கரியில வைப்பம். நீங்கள் எல்லாரும் கட்டாயம் வரவேணும். ஓக்கே எண்டால் கையைத் தூக்குங்கோ."

பூங்கா அதிர்ந்தது. எனக்குப் பக்கத்தில் இருந்த அன்ரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "'வைப்பம்' எண்டான் பாத்தியளோ, என்ன வடிவான தமிழ்" என்றார். கைகள் எல்லாம் மேலே போயின. என்னுடையதும் போனது. பெற்ற பிள்ளை மைக்கில் தமிழ் கதைக்கும்போது எந்தத் தாயின் கை கீழே இருக்கும்? என் கணவர்தான் மகன் தந்த சோளத்தைக் கடித்துக்கொண்டு என் காதருகே குனிந்தார்.

"இஞ்சரும், அடுத்த வருசம் கல்கரிக்கு ரிக்கற் போட வேணும்போல."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கையை இறக்கினேன். மற்றக் கைகள் எல்லாம் அப்படியே நின்றன. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியதாகச் செயலாளர் அறிவித்தார். நான் பழைய தலைவரைத் தேடிப் பிடித்து, "என்ன அண்ணை இது?" என்று கேட்டேன். அவர் முகம் கறுத்துப்போய் இருந்தது. "நானும் கையைத் தூக்கிப்போட்டன் பிள்ளை" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. யாரில் ஆத்திரம் என்றுதான் தெரியவில்லை. அவன் ஒருவரையும் ஏமாற்றவில்லை. நாங்கள் விரித்த பாயில் படுத்துக்கொண்டு, தலையணையை மட்டும் கல்கரிப் பக்கம் திருப்பிவிட்டான். அந்த நேரம் பார்த்துக் கயிறிழுத்தலுக்குக் கூப்பிட்டார்கள்.

மணமானவர்கள் பக்கம் வரிசை புல்வெளியைத் தாண்டிக் கார் தரிப்பிடம்வரை போனது. மணமாகாதவர்கள் பக்கம் நான்கு பேர் நின்றார்கள். என் மகன், பல் மருத்துவம் படிக்கிற ஒரு பெடியன், பல்கலைக்கழகத்தில் இருந்து வந்திருந்த இரண்டு பெட்டைகள். முன்பு அந்தப் பக்கத்துக்குக் கயிறு போதாமல் போகும். இப்போது கயிற்றில் பெரும்பகுதி பிடிக்க ஆளில்லாமல் புல்லில் கிடந்தது. பழைய தலைவருக்கு அந்தக் காட்சி பொறுக்கவில்லை. "எனக்கும் மனுசி இல்லை, நானும் தனி ஆள்தான்" என்று சொல்லிக்கொண்டு அந்தப் பக்கம் போய்க் கயிற்றைப் பிடித்தார். எங்கள் வரிசையில் நின்ற ஒரு பெண், "எனக்கு டிவோர்ஸ் பேப்பர் வந்திட்டுது அண்ணை, நானும் வரலாமோ?" என்று கேட்டாள். தாராளமாக வரலாம் என்றார். அவளும் போனாள். இனி யாராவது இருக்கிறீர்களா என்று அவர் எங்கள் வரிசையைப் பார்த்தார். சில ஆண்கள் மனைவியைத் திரும்பிப் பார்த்துவிட்டு அசையாமல் நின்றார்கள்.

வழக்கப்படி தலைவர் விசில் ஊதவேண்டும். புதுத் தலைவன் கடைசி ஆளாகக் கயிற்றை இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொண்டு நின்றதால், விசிலை என் கணவரிடம் கொடுத்தார்கள். எங்கள் பக்கம் தோற்பதைப் பார்த்திருக்கிறேனே தவிர, நான் ஒருநாளும் கயிறு இழுத்ததில்லை. சாப்பாட்டு மேசைதான் என் இடம். அன்றைக்குக் கத்தியை வைத்துவிட்டு, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு போய், வரிசையில் எல்லாருக்கும் முன்னால் நின்றேன். "அன்ரி, உங்கட நாரி கவனம், பிறகு குனிய ஏலாது" என்று யாரோ சொன்னார்கள். என் நாரி எனக்குத் தெரியும் என்றேன்.

விசில் ஊதியது. நான் இழுத்தேன். எனக்குப் பின்னால் அத்தனை பேர் இழுத்தார்கள் என்பது உண்மைதான், ஆனால் நான் மட்டும்தான் இழுத்தேன் என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். அந்தப் பக்கத்துப் பெட்டைகள் இருவரும், டிவோர்ஸ் எடுத்தவளும் சிரித்துக்கொண்டு கையை விட்டார்கள். பல் மருத்துவப் பெடியன் விழுந்தான். பழைய தலைவர் மெதுவாக, பக்குவமாக, தானே புல்லில் உட்கார்ந்தார். மகன் மட்டும் குதிக்காலை ஊன்றிக்கொண்டு நின்று பார்த்தான். சப்பாத்து மண்ணை உழுதது. பிறகு அவனும் இருந்த வாக்கில் விழுந்து, பெரிதாகச் சிரித்துக்கொண்டு, புல்லில் சறுக்கியபடி, நான் கை மாற்றி மாற்றி இழுக்க, நடுக்கோட்டையும் தாண்டி நேரே என் காலடிக்கு வந்து சேர்ந்தான்.

எங்கள் பக்கம் துள்ளிக் குதித்தது. சங்கத்தின் சரித்திரத்திலேயே முதல் தடவை என்று ஒருவர் மைக்கில் கத்தினார். கட்டிப்பிடித்தார்கள், படம் எடுத்தார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கயிற்றை விட்டுவிட்டு மற்றப் பக்கத்தைப் பார்த்தார்கள். யாரை வென்றோம் என்று பார்த்தார்கள். கத்தியவர் மைக்கைக் கீழே வைத்தார்.

"அம்மா, விடுங்கோ" என்றான் மகன், கீழே கிடந்தபடி. "வெண்டிட்டியள்."

நான் விடவில்லை. பேஸ்மென்ற்றுக்குப் பெயின்ற் அடித்தேன், ஸ்ரௌவ்வில்லுக்கு ரெலிபோன் எடுத்தேன், பாவம் ஒரு மனுசனைத் தலைவர் கதிரையில் இருந்து இறக்கினேன். ஆனால் கேட்கவேண்டியதை இவனிடம் ஒருநாளும் கேட்கவில்லை. ஊர்ச்சனம் முழுவதும் பார்த்துக்கொண்டு நின்றது. நின்றால் நிற்கட்டும் என்று கேட்டேன்.

"போகாதையடா. நீ இல்லாமல் எனக்கு ஏலாது."

அவன் சிரிப்பு நின்றது. எழும்பி உட்கார்ந்து, கண்ணைத் துடைத்தான். இடுப்பில் கயிறு இன்னும் சுற்றியபடி இருந்தது.

"இதை நீங்கள் முந்தியே கேட்டிருக்கலாமே அம்மா."

"கேட்டிருந்தால் நிண்டிருப்பியோ?"

யோசித்தான். வேறு பிள்ளை என்றால் அந்த இடத்தில் ஒரு பொய் சொல்லியிருக்கும்.

"இல்லை அம்மா."

"பிறகென்னடா" என்று சொல்லிக் கயிற்றை விட்டேன்.